மாங்கன்றோடு வந்த தவளை

வட்டவளை,
செவ்வாய்க்கிழமை.

என் டிலுக்ஷியின் அப்பாவுக்கு,

மாதா புண்ணியத்தில் நானும் பிள்ளையும் சுகம். நீங்களும் அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே சண்டை வருகிறது, அதனால்தான் எழுதுகிறேன். றொனால்ட் அண்ணன் நாளை லொறியில் வெல்லவாய வரும்போது கையில் தருவார்.

போன தடவை அவரிடம் நீங்கள் கொடுத்தனுப்பிய மாங்கன்று வந்து சேர்ந்தது. சமாதானத்துக்கு அனுப்பினீர்களாக்கும் என்று முறைத்துக்கொண்டுதான் உரப்பையை அவிழ்த்தேன். மண்ணுக்குள்ளிருந்து ஒரு தவளை! மண்ணிற முதுகு, இரண்டு பக்கமும் செங்கல் சிவப்பும் தோடம்பழ மஞ்சளும் கலந்த நிறத்தில் பட்டை. தொட்டதும் உடம்பை உப்பிக்கொண்டது. அப்பா கோவிச்சா இப்படித்தான் என்று டிலுக்ஷி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அடுத்து நாங்கள் அடித்த கூத்தைக் கேளுங்கள். தவளையென்றால் தண்ணியில போடுடி என்று லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பரா வீட்டு காளியாயி அக்கா சொல்ல, பீலித் தண்ணி விழுகிற தொட்டியில் விட்டோம். வருசமெல்லாம் நனைகிற வட்டவளைக்காரிகளுக்கு வேறென்ன தோன்றும்? அது பந்தாக மிதந்து, கால் விறைத்துப்போனது. பிள்ளை அழுதாள். நானும்தான். சத்தம் கேட்டு, பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகளைப் பார்க்கிற பிரியந்தி ஓடிவந்தாள். அவளுக்கு உங்கள் பக்கத்துப் புத்தல ஊர். ஐயோ யூஜினாக்கா, இது காஞ்ச மண்ணுல தோண்டிக்கிட்டு இருக்கிறது, இந்தக் குளிருக்கு செத்துரும் என்றாள்.

பிஸ்கட் தகரத்தில் காய்ந்த மண்ணைப் போட்டு அடுப்போரம் வைத்தோம். வெகுநேரம் கழித்துக் கால் அசைந்தது. பின்னங்காலால் தோண்டி, எங்களைப் பார்த்தபடியே பின்பக்கமாக மண்ணுக்குள் இறங்கியது. காளியாயி அக்கா கைதட்டினார்!

ஈஸ்டருக்கு நீங்கள் வந்து, வெல்லவாயவில் நீங்கள் வேலை செய்கிற பழத்தோட்டத்தில் வீடு தருகிறார்கள், குடிபோவோம் என்றீர்கள். அந்தக் காய்ந்த காட்டில் மனுசர் இருப்பார்களா என்று நான் கத்தினேன். நீங்கள் சாப்பிடாமலே பஸ் ஏறினீர்கள். அந்த மண்ணுக்குள் இப்படியொரு அழகு இருக்கிறதென்று எனக்கு யார் சொன்னார்கள்? அதை விடுங்கள். நீங்கள் இல்லாத இந்தக் காம்பரா எனக்குப் பிடிக்கவில்லை.

தவளையை அதன் ஊரில் விட வேண்டும். சனிக்கிழமை நான், பிள்ளை, தவளை மூவரும் வருகிறோம், வெல்லவாய பஸ் நிலையத்தில் நில்லுங்கள். விட்டுவிட்டு இரண்டு நாளில் திரும்புவேன் என்று லயம் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். பிள்ளையைப் பள்ளியிலிருந்து விலக்கி வாங்கிய விடுகைப் பத்திரம் என் பையில் இருப்பது பாடசாலை அதிபருக்கு மட்டும் தெரியும். வீறாப்பில் உங்களிடமும் திரும்புவேன் என்றுதான் சொல்வேன். மாதா பேரால் கேட்கிறேன், போக விடாதீர்கள்.

உங்கள்
யூஜினா