படகுக் கயிறும் பாறைக் கயிறும்

அப்பாவுக்கு வணக்கம். முட்டிவலி தேவலையா?

நீங்கள் உல்லுங் தீவிலிருந்து அனுப்பிய படகுக் கயிறு சியோலுக்கு வந்துசேர்ந்தது. மலையேற என் முதல் கயிற்றை வாங்கப்போகிறேன் என்றுதானே சொன்னேன்? அனுப்பச் சொன்னேனா? எங்கள் மலையேற்றச் சங்கத்தில் பேக் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "டேய், இதுல கப்பலக் கட்டலாம். நீ விழுந்தா இடுப்பு முறிஞ்சிரும்டா" என்று சிரித்தார்.

"இழுபடுற கயிறு ஒரு கயிறாடா?" என்று போனில் கத்தினீர்கள். படகுக்குச் சரி. பாறையில், விழுபவனைக் கயிறு நீண்டுகொடுத்துத்தான் தாங்க வேண்டும். அப்படி ஒன்றை நானே பார்த்து வாங்கிவிட்டேன். ஞாயிறன்று இரண்டு மீட்டர் விழுந்தேன், தாங்கியது. சிராய்ப்புகூட இல்லை. அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

அம்மா ஒன்று சொன்னார்கள். நீங்கள் அனுப்பியது உங்கள் படகுக்கு வாங்கிய புதுக் கயிறாமே! படகு இன்னும் நைந்த பழசில் நிற்கிறதாமே! என்ன மனிதர் நீங்கள்? அதைத் தபாலில் திருப்பி அனுப்ப மாட்டேன். புயல் காலத்துக்கு முன் நீங்களே வந்து எடுத்துப்போங்கள். இரண்டு நாள் தங்கும்படி வாருங்கள். கணவாய்க் கருவாடும் வேண்டும்.

பஸ் வந்துவிட்டது.

சாங்ஹூ