கண்ணைத் தொட்டுப் பார்

என்னோடு ஒரே வயிற்றில் பிறந்து, ஊருக்கெல்லாம் நண்டு சார் ஆகிப்போன என் அண்ணனுக்கு,

உன் சிதம்பரம் வீட்டைப் போன வாரம் காலி செய்துவிட்டோம். மைக்ராஸ்கோப்பை உன் மாணவர்கள் எடுத்துப் போனார்கள். தொட்டிகளில் மிச்சமிருந்த நண்டுகளைப் பிச்சாவரம் உப்பங்கழியில் விட்டுவிட்டார்கள். உன் சட்டைகளை என் வீட்டுக்காரர், உன் மச்சான்தான், போட்டுக்கொள்கிறார். தோளில் தொங்குகிறது, சொன்னாலும் கேட்பதில்லை.

துறைமுகத்துப் பக்கம் என் ஹோட்டல் அப்படியே ஓடுகிறது. இன்றும் நண்டுக் குழம்புக்குத்தான் கூட்டம். அண்ணன் நண்டுக்கு வலிக்குமா என்று ஆயுசு முழுக்க ஆராய்ச்சி செய்தவன், தங்கச்சி அதே நண்டை வெட்டிக் குழம்பு வைக்கிறவள். நம் இருவரையும் சேர்த்து வைத்துக் கேலி பேசாத ஆள் கடலூரில் உண்டா? நீயும் ஆராய்ச்சியை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வந்து, குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னவன்தானே.

ஆனால் என் அடுப்படியில் சட்டம் போட்டாய். முதல் நாள் நீ பேசியது இன்னும் காதில் இருக்கிறது.

"உசுரோட காலைப் பிய்க்காத. ஐஸ்ல போடு. அப்புறம் கண்ணைத் தொட்டுப் பாரு. உள்ள இழுத்துக்கிச்சின்னா இன்னும் இருக்குன்னு அர்த்தம். திருப்பி ஐஸ்லயே போடு."

"அதுவரைக்கும் கஸ்டமரு ஒக்காந்திருப்பானா? எழுந்து பூடுவான்."

"போவட்டும். அசையாம கெடக்குதுன்னா அங்க யாரும் இல்லன்னு நெனச்சிக்காத."

அதே நாள், வெட்டிப் போட்ட கால் ஒன்று தட்டில் துடித்தது. நான் கையை உதறிக்கொண்டு பின்னால் போனேன். நீ சிரித்தாய். "அது நண்டு இல்ல, காலு. துடிக்கிறதெல்லாம் உசுருன்னும் நெனச்சிக்காத" என்றாய். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாய். இப்போது நான் கிடந்து அல்லாடுகிறேன்.

வலைக்காரர் வீட்டுப் பிள்ளை பயாலஜி படித்துப் பெரிய ஆளானதில் நம் அப்பாவுக்கு இருந்த பெருமை உனக்குத் தெரியும். நண்டோடு நின்றிருந்தால் உனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். நண்டுக்கு உணர்வு உண்டென்றால் நத்தைக்கு? கழி மண்ணுக்கு? வானத்து நட்சத்திரத்துக்கு? நீ எழுத எழுத, உன்னோடு வேலை பார்த்தவர்கள், "சார் சாமியாராயிட்டாரு" என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். சிதம்பரத்துக்காரர்களோ, "நம்ம ரகசியத்தைத்தான் நீங்க சயின்ஸுல சொல்றீங்க" என்று சால்வை போட வந்தார்கள். இரண்டு பேர் மேலும் உனக்கு ஒரே கோபம். கடைசியில் உன்னோடு பேச நானும் நண்டும்தான் மிச்சம்.

எனக்குப் புரிகிற மாதிரி ஒரு முறை சொன்னாய். "உப்பு எல்லாத் தண்ணியிலயும் இருக்கு. பாத்தி கட்டுனாத்தான் கண்ணுக்குத் தெரியுது. உணர்வும் அப்டித்தான். இந்தப் பிரபஞ்சம் பூரா கரைஞ்சி கெடக்குது. நண்டு ஒரு பாத்தி, நீ ஒரு பாத்தி."

"பாத்தி ஒடைஞ்சா?"

"உப்பு கடலுக்குப் போவும்."

"அப்ப நீ செத்தாலும் இருப்ப."

"உப்பு இருக்கும். அது நானா இருக்காது."

தங்கச்சியிடமாவது பொய் சொல்லக் கூடாதா அண்ணா? அன்று நீ ஒரு பொய் சொல்லியிருந்தால், இன்று நான் அதைப் பிடித்துக்கொண்டு தூங்குவேன்.

உனக்கு மூளையில் ரத்தக் குழாய் வெடித்து ஆஸ்பத்திரியில் போட்டபோது, மிஷின்தான் உனக்காக மூச்சு விட்டது. நீ கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டாக்டர் எதற்கெடுத்தாலும் என் முகத்தைத்தான் பார்த்தார். கடைசியாக உன் இமையைத் தூக்கி, பஞ்சை நூலாகத் திரித்துக் கருவிழியைத் தொட்டார். இழுத்துக்கொள், இழுத்துக்கொள் என்று மனசுக்குள் கத்தினேன். உன் கண் அப்படியே இருந்தது.

இன்னும் என்னென்னவோ சோதித்துப் பார்த்துவிட்டு, "மூளை முழுசா நின்னுடுச்சும்மா. நீங்க சொன்னா மிஷினை எடுத்துடலாம்" என்றார்.

சித்தி விடவில்லை. "உசுரு எதுலயோ ஆசை வச்சி நிக்குது. அதைக் கரைச்சி வாயில ஊத்துனாத்தான் போவும்" என்றாள். பொன்னை உரசி ஊற்றுவார்கள், சொந்த மண்ணைக் கரைத்து ஊற்றுவார்கள். உனக்கு எதில் ஆசை? யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. உன் மச்சான்தான் வண்டியை எடுத்துக்கொண்டு பிச்சாவரம் போய், ஒரு பாட்டிலில் கழித் தண்ணீர் கொண்டுவந்தார். ஊற்றக் கூடாது, உதட்டை நனைக்கலாம் என்றார் நர்ஸ். நனைத்தேன். சேறும் உப்புமாக உன் வாசனையே அடித்தது.

டாக்டர் மிஷினிடம் போனார். அப்போதுதான் உன் விரல் மடங்கியது.

"சார், கை அசையுது!"

"அது தண்டுவடத்து அசைவும்மா. மூளைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. இப்படி வரும்." கொஞ்சம் பொறுத்து, "எடுக்கட்டுமா?" என்றார்.

உன் மச்சான் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "மச்சான் அங்க இல்லடி. விட்டுடு" என்றார். எனக்குத் தட்டில் துடித்த கால்தான் ஞாபகம் வந்தது. அது நண்டு இல்ல, காலு. நீ சொன்னதை நம்பித்தான் தலையை ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து உன்னைக் குளிப்பாட்டும்போதுதான் நீ சொன்ன மற்றது ஞாபகம் வந்தது. அசையாம கெடக்குதுன்னா அங்க யாரும் இல்லன்னு நெனச்சிக்காத. டாக்டர் சொன்னது சரி என்று என் புத்திக்குத் தெரியும். அவர் அவசரப்படவும் இல்லை. ஆனால் உள்ளே எங்கேயோ ஒரு துளி உப்பாக நீ இருந்து, அந்தத் தண்ணீரை ருசி பார்த்து, விட்டுவிடாதே என்று என்னைத்தான் பிடிக்க வந்தாயா? இதை யாரிடம் கேட்பது? தெரிந்த ஒரே ஆள் நீ. உன்னைத்தான் அனுப்பிவிட்டேனே.

சித்திக்குச் சந்தேகமே இல்லை. ஆசை தீர்ந்தது, போய்விட்டான் என்று நிம்மதியாக இருக்கிறாள். அவளைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

ஹோட்டலில் கூட்டம் நெரிந்தாலும் ஐஸ் பெட்டிப் பக்கம் இப்போது நான்தான் நிற்கிறேன். வேறு யாரையும் விடுவதில்லை. கண்ணைத் தொடுகிறேன். இழுத்துக்கொண்டால் திருப்பிப் போடுகிறேன். அசையாவிட்டாலும் உடனே எடுப்பதில்லை. கஸ்டமர் கத்துகிறான், உன் மச்சான் எட்டிப் பார்த்துவிட்டு அவனைச் சமாதானப்படுத்தப் போகிறார்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன் அண்ணா. என் கை ஓய்கிற வரைக்கும், அசையாமல் கிடக்கிற ஒவ்வொரு நண்டின் கண்ணையும் இன்னொரு தரம் தொட்டுப் பார்ப்பேன். உன் கண்ணை இன்னொரு தரம் தொட்டுப் பார்க்கச் சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை.

உனக்குப் பதிலாகத் தலையாட்டிய,
உன் கூடப்பிறந்தவள்
செல்வி