தேயாத உருண்டைகள்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் அரவை டிரம்மைத் திறந்தேன். பீங்கானுக்குப் பளபளப்பு தரும் கிளேஸ் பூச்சை அரைக்கும் அலுமினா உருண்டைகள் மறுபடியும் தேய்ந்து சிறுத்திருக்கின்றன. போட்டபோது எலுமிச்சை அளவில் இருந்தவை இப்போது சுண்டைக்காய்.

மதியம் உருண்டை வியாபாரி இரண்டு மாதிரிகளைக் கொண்டுவந்தார். என் இடது கையில் அலுமினா, வலது கையில் சிர்கோனியா. இரண்டும் ஒரே அளவுதான், ஆனால் வலது கை தானாகத் தாழ்ந்தது. "இதைப் போட்டா சீக்கிரம் அரைஞ்சிடும் சார். தேயவே தேயாது, வருஷக்கணக்கா நிக்கும்" என்றார். அக்கா ஒன்றை வாங்கிப் பார்த்துவிட்டு, "உன் தலையை விட கனமா இருக்கேடா" என்றாள்.

வியாபாரி சிரித்தார். நானும்தான். ஐம்பது வயதானாலும் அக்காவுக்கு நான் பொடியன்.

மார்ச் 5, வியாழன்

சிர்கோனியா என்று முடிவு செய்துவிட்டேன். எங்களிடம் கிளேஸ் வாங்கும் கோப்பைப் பட்டறைக்காரர் இன்னும் நைசான வெள்ளை கேட்கிறார். அது மட்டும் காரணமில்லை. தேய்ந்ததற்கு ஈடாகச் சனிக்கிழமைதோறும் வாளியில் புது உருண்டை அள்ளிக் கொட்டுவது அக்காதான். குனிந்து நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்கிறாள். நான் பார்ப்பது அவளுக்குத் தெரியாது.

சாப்பிடும்போது சொன்னேன். "இனிமே சனிக்கிழமை நீ வாளி தூக்க வேண்டாம்க்கா."

"நல்லதுதான்" என்றாள். அதோடு சரி. இரண்டாவது தடவை குழம்பு வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கித் தரச் சொன்னாள். இறக்கினேன்.

மார்ச் 10, செவ்வாய்

சிர்கோனியாவைக் கொட்டி ஓட்டினோம். பாதி நேரத்தில் அரைந்துவிட்டது! சல்லடையில் கப்பியே தங்கவில்லை. பட்டறை முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

மாலையில் அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, அம்மா மாசக் கடைசியில இங்க வந்துடறேன்னாங்க. எத்தனை வருஷம் உழைச்சாங்க, போதும். நீங்க தடுக்காதீங்க." தடுக்க நான் யார்? அத்தான் போன பிறகு இங்கே வந்தவள். கல்யாணம் பண்ணிக்கொள்ளாத எனக்கு வீடு என்று ஒன்று இருக்கிறதென்றால் அது அவள் போடும் சத்தம்தான்.

போகட்டும். பேரப்பிள்ளைகளோடு இருக்கட்டும். — அப்புறம் காலையில நான் யார்கிட்ட சண்டை போடறது?

மார்ச் 16, திங்கள்

மானம் போயிற்று. கோப்பைப் பட்டறைக்காரர், சனிக்கிழமை நாங்கள் அரைத்ததைப் பூசிச் சுட்ட கோப்பைகளை மேசையில் வரிசையாக வைத்தார். ஒன்றிலும் பளபளப்பு இல்லை. விரலால் தடவினால் சொரசொரக்கிறது. "இதுல வாய் வெச்சுக் குடிக்க முடியுமாய்யா? இன்னொரு தடவை நல்லா அரைச்சுக் குடு, பாக்கறேன்" என்றார்.

ஓடிவந்து டிரம்மைத் திறந்து கையை விட்டேன். புது உருண்டைகளுக்கு நடுவே பழைய அலுமினா! கடினமானது மென்மையானதைத் தின்று தீர்த்திருக்கிறது. ஓரம் உடைந்து, சப்பையாகி, அந்தத் தூளெல்லாம் கிளேஸில் கலந்திருக்கிறது.

அக்கா பின்னால் வந்து நின்றாள். "சனிக்கிழமை வந்துச்சு. கை தானா வாளியை எடுத்துடுச்சுடா. பழசும் நல்லாத்தானே இருக்கு, வீணாப் போவானேன்னு..."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்த பிறகு எங்கிருந்து வரும்?

மார்ச் 17, செவ்வாய்

நாள் முழுக்க எதிரும் புதிருமாக உட்கார்ந்து பொறுக்கினோம். இரண்டும் வெள்ளை, கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். நான் தப்பாகப் போட்டதையெல்லாம் அவள் எடுத்துச் சரியான தட்டில் போட்டாள். பழைய அக்கா கொஞ்சம் திரும்பி வந்தாள்.

நடுவில், தலை நிமிராமலே சொன்னாள். "தேயாத உருண்டையா பாத்து வாங்கிட்ட. அப்புறம் எனக்கு இங்க என்ன வேலை?"

எனக்கு உறைக்கவே இத்தனை நாள் ஆகியிருக்கிறது. அவ இடுப்பை நினைச்சேன், அவளை நினைக்கலையே. எப்பேர்ப்பட்ட மடையன் நான்!

மார்ச் 18, புதன்

டார்ச் அடித்து டிரம்முக்குள் பார்த்தேன். உள்சுவரில் பதித்த கல்லும் அலுமினாதான். அதிலும் இப்போதே பள்ளம் விழுந்திருக்கிறது. வியாபாரியைக் கேட்டால், "அதுக்கு ஏத்த டிரம் வேணும் சார்" என்று இப்போது சொல்கிறார். இதை முதலிலேயே சொல்வதற்கென்ன?

ஆக, மறுபடியும் அலுமினாதான். அக்காவிடம் சொன்னேன். கூடவே, "நீ போகாதக்கா. வாளியை வேணா நான் தூக்கறேன், நீ கொட்டு" என்றேன்.

"டிரம் கல்லு தேயுதுன்னுதானே சொல்ற?"

"அதுவும்தான்."

சோற்றுக்கு உலை வைக்கப் போய்விட்டாள்.

மார்ச் 23, திங்கள்

புதிதாக அரைத்ததைப் போட்டுச் சுட்ட கோப்பை வந்தது. பளபள. ஒன்றைத் துடைத்து அக்காவிடம் கொடுத்தேன். முகம் பார்த்துத் தலை சரிசெய்துகொண்டாள். பெட்டி இன்னும் அவள் கட்டிலருகேதான் இருக்கிறது. கேட்கப் பயம்.

மார்ச் 28, சனி

எழுந்தபோது பெட்டி வாசற்கதவோரம் இருந்தது, பூட்டி. சரி, கிளம்பிவிட்டாள். நாமே பஸ் வரைக்கும் கொண்டுபோய் வைப்போம் என்று பிடியைப் பற்றித் தூக்கினேன். அசையவில்லை. மறுபடி முயன்றேன். பிடிதான் கையோடு வந்தது.

"உடைச்சிட்டியா? உள்ள உன் சிர்கோனியாடா. சாக்குல கெடந்தா மண்ணு ஒட்டும்னு பழைய போர்வையில சுத்தி வெச்சேன். அதுக்கேத்த டிரம் வாங்கும்போது ஆகும்."

பிடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். போன் அடித்தது. அக்கா மகள்தான். அக்கா ஒரு கையில் போனை வாங்கி, மறு கையால் உருண்டை வாளியை என் பக்கம் தள்ளினாள்.

"எங்கடி வர்றது? பெட்டியைத் தூக்க முடியலையே" என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.