சிவப்புக் கார் பாலத்தில் விழுந்தது

மார்ச் 3, ஞாயிறு

நான் 4, என் சிநேகிதி குண்டூசி 3. நோட்டில் எழுதியாயிற்று. மொத்தக் கணக்கில் அவள்தான் இன்னும் முன்னால். பதினொரு வயதில் ஆரம்பித்த கணக்கு இது. நடுவில் கல்யாணம், பிள்ளை, வேலை என்று பதினேழு வருடம் ஒரு ஆட்டமும் இல்லை. இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது.

மறுபடி தொடங்கியது போன ஆகஸ்ட். என் வீட்டுக்காரர் பெட்டியை எடுத்துக்கொண்டு போன மறுவாரம். ஊரே வந்து ஆறுதல் சொன்னது. இவள் மட்டும் என் அண்ணன் வீட்டுப் பரணில் ஏறி, பழைய கார் ரேஸ் வீடியோ கேம் பெட்டியை இறக்கிக்கொண்டு வந்தாள். "எனக்கு ஆறுதல் எல்லாம் சொல்ல வராதுடி மூட்டை. விளையாட வரியா?" என்றாள். (பள்ளிக்கூடத்தில் என் பை அவ்வளவு பெரிது. நாற்பத்தாறு வயதிலும் மூட்டைதான்.)

அதிலிருந்து ஞாயிறு மதியம் அவளுடைய பார்லரில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஏழு ஆட்டம். முடி வெட்டும் சுழல் நாற்காலிகளில் ஆளுக்கொன்றாக உட்கார்ந்து, அந்தப் பழைய குண்டு டிவிக்கு எதிரே. புது டிவியில் இந்தப் பெட்டி ஓடாது.

இன்று ஒரு விசேஷம். உடைந்த பாலத்தில் அவளுடைய சிவப்புக் கார் இரண்டு தடவை விழுந்தது. பாலத்தின் விளிம்பில் சரியாக வலது கட்டைவிரலால் பட்டனை அழுத்தினால் கார் தாவும். கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் ஆற்றில்தான். பன்னிரண்டு வயதில் கண்ணை மூடிக்கொண்டு தாவிக் காட்டியவள் இவள். "பட்டன் ஒட்டுதுடி" என்றாள்.

ஆடத் தெரியாதவளுக்குப் பட்டன் கோணல் என்று சொல்லிச் சிரித்தேன்.

மார்ச் 6, புதன்

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் முதலாளி எனக்கு மறுபடி லேசான வேலையாகக் கொடுக்கிறார். லென்ஸ் தேய்க்கும் மிஷினை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு, "நீங்க உக்காந்தே பண்ணுங்கம்மா" என்று ஃப்ரேமுக்கு ஸ்க்ரூ மாட்டும் வேலை. புருஷன் போனதில் எனக்குக் காலா போயிற்று? அந்தப் "பாவம்" என்கிற முகத்தை எல்லாரும் எங்கேதான் வாங்குகிறார்களோ. அண்ணன் தினமும் இரண்டு தடவை போன். சாப்பிட்டியா, தூங்கினியா.

மார்ச் 10, ஞாயிறு

நான் 6, அவள் 1.

ஆட்டத்துக்கு முன்னால் என் முன்முடியை வெட்டிவிட்டாள். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால் இடதுபக்கம் ஏறி, வலதுபக்கம் இறங்கி, மாடிப்படி மாதிரி இருக்கிறது. போன் செய்து கேட்டேன். "கத்திரி மழுங்கிப் போச்சு, சாணை பிடிக்கக் கொடுக்கணும்" என்றாள். இருபது வருடத் தொழில்காரி சொல்கிற பதிலா இது?

டீயை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். குளிருதாம். தலைக்கு மேலே ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது, இந்த வெயிலில்.

ஆறு ஆட்டம் ஜெயித்தும் சந்தோஷமாக இல்லை. ஏன்?

மார்ச் 14, வியாழன்

ஏனென்று தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை கோர்ட்டில் என் விவாகரத்துத் தீர்ப்பு வந்தது, இரண்டு வருடமாக இழுத்த கேஸ். வரப்போகிறது என்று அவளுக்கு முன்பே தெரியும். அதனால்தான் போன ஞாயிறு ஆறு ஆட்டம் விட்டுக்கொடுத்திருக்கிறாள்.

அப்படி இருக்காது. எங்களுக்குள் சட்டம் இருக்கிறதே.

சட்டம் எப்படி வந்தது என்பதை எழுதிவைக்கிறேன். எங்களுக்குப் பதின்மூன்று வயது. அவள் வருடப் பரீட்சையில் தவறி, ஒரு வகுப்பு பின்தங்கினாள். அன்று நான் வேண்டுமென்றே என் பச்சைக் காரை ஆற்றில் விட்டுக்கொண்டே இருந்தேன். ஐந்தாவது ஆட்டத்தில் கண்டுபிடித்துவிட்டாள். எழுந்தாள், என் அம்மாவின் தையல் கத்திரியை எடுத்தாள், ஜாய்ஸ்டிக் ஒயரை நறுக்கென்று வெட்டினாள். "என்ன நீ பிச்சக்காரின்னு நெனச்சியா?" மூன்று மாதம் பேசவில்லை. அண்ணன் ஒயரை ஒட்டுப்போட்டான். அந்த முடிச்சு இன்னும் ஒயரில் இருக்கிறது. அன்றுமுதல் சட்டம்: விட்டுக்கொடுக்கக் கூடாது. விட்டுக்கொடுத்தால் மூன்று மாதம் பேச்சு கிடையாது.

சட்டம் போட்டவளே மீறுவாளா?

மார்ச் 17, ஞாயிறு

கோபம் இன்னும் ஆறவில்லை. எழுத்து கிறுக்கலாக வருகிறது.

இன்றைக்கும் பட்டன் ஒட்டுகிறது என்றாள். சரி, மாற்றிக்கொள்வோம் என்று என் ஜாய்ஸ்டிக்கை அவளிடம் கொடுத்து, அவளுடையதை நான் வாங்கினேன். அந்த "ஒட்டுகிற" பட்டனை வைத்துக்கொண்டு நான் பாலத்தை ஏழு தடவையும் தாவினேன். அவள் என்னுடைய நல்ல பட்டனை வைத்துக்கொண்டு விழுந்தாள், விழுந்தாள், விழுந்தாள். ஏழுக்கு ஏழு எனக்கு.

கேட்டுவிட்டேன். "நீயும் என்னப் பாவம்னு பாக்குறியா? தீர்ப்பு வந்துச்சுன்னு ஜெயிக்க விடுறியா?"

நாற்காலியைக் காலால் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்புறம் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "ஆமா. விட்டுத்தான் கொடுத்தேன். என்ன இப்ப?"

என்ன இப்பவா? உலகத்திலேயே என்னை முழு ஆளாக நினைத்த ஒரே இடம் அந்தச் சுழல் நாற்காலிதான். அதையும் பிடுங்கிக்கொண்டாள். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். உன் பிச்சை எனக்கு வேண்டாம் என்றும் சொன்னேன். அவள் பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. குண்டூசி, வாயைத் திறந்தால் குத்தாமல் மூடாதவள்.

கிளம்பும்போது அவளுடைய ஜாய்ஸ்டிக்கை என் கையில் திணித்தாள். "இதயும் எடுத்துட்டுப் போ. எனக்கு வேணாம்."

மூன்று மாதம். ஜூன் 17 வரை.

மார்ச் 24, ஞாயிறு

துணி துவைத்தேன். மதியம், துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன்.

மார்ச் 31, ஞாயிறு

மகள் ஹாஸ்டலிலிருந்து போன். "ஆன்ட்டி எப்படி இருக்காங்க?" நன்றாக இருக்கிறாள் என்றேன். எனக்கெப்படித் தெரியும்?

ஏப்ரல் 9, செவ்வாய்

கண்ணாடி வாங்க வந்த ஒரு அம்மா, முகத்துக்கு ஃப்ரேம் பொருத்தும்போது முடியை ஒதுக்கிக்கொண்டே சொன்னார். "எனக்கு எப்பவும் வெட்டுறவங்க இப்ப வெட்டறதில்லையாம்மா. டை மட்டும்தான் போடுறாங்களாம்." எந்தப் பார்லர் என்று கேட்டேன். அவளுடையதுதான்.

திமிர் ஏறிவிட்டது போல, தொழிலிலும் அலட்சியம் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது எழுதும்போது அப்படித் தோன்றவில்லை.

ஏப்ரல் 20, சனி

அண்ணன் வந்தான். டிரைவிங் ஸ்கூலில் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன், வகுப்பு முடித்து நேராக வந்திருந்தான், சட்டை முதுகெல்லாம் வியர்வை. அலமாரியில் கிடந்த ஜாய்ஸ்டிக்கைப் பார்த்தான். "ரெண்டு பேரும் இன்னும் சண்டையா? ஐம்பது வயசாகப் போகுது, அழும்பு மட்டும் குறையல" என்றான். பட்டன் கதையைச் சொல்லி, எங்கள் சட்டம் அவனுக்குப் புரியாது என்றேன். "உங்க சட்டத்துக்கு ஒயர் ஒட்டுனவனே நான்தாண்டி. குடு, பட்டனாவது என்னன்னு பார்த்து வைக்கிறேன்" என்றான்.

நானே பார்க்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

காலையில் கடையிலிருந்து எடுத்து வந்த சின்ன ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்தேன். ஜாய்ஸ்டிக்கின் முதுகைத் திருப்பியதும் கை நின்றுவிட்டது.

ஐந்து ஸ்க்ரூ. ஐந்தைச் சுற்றியும் கீறல். ஒன்றிரண்டு இல்லை, குறுக்கும் நெடுக்குமாக, ஸ்க்ரூ தலை நசுங்கும் அளவுக்கு. இந்தக் கீறல் எனக்குத் தெரியும். கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்தில் ஃப்ரேமில் விடுகிற கீறல். ஸ்க்ரூடிரைவர் ஓரிடத்தில் நிற்காமல் வழுக்கினால் விழுவது.

போன ஆகஸ்டில் இதைப் பிரித்துத் துடைத்தவள் நான். அன்று ஒரு கீறல் இல்லை.

உள்ளே பட்டனுக்கு அடியில் இருக்கும் ரப்பர் புதியது. பழையது கறுத்துப் போயிருந்தது, இது வெள்ளையாக இருக்கிறது. அவள் தேடிப்பிடித்து வாங்கி, யாருக்கும் சொல்லாமல், தானே மாற்றியிருக்கிறாள்.

விட்டுக்கொடுக்கிறவள் எதற்குப் பட்டனை ரிப்பேர் செய்கிறாள்?

அவளுக்கு ஸ்க்ரூடிரைவர் வழுக்குமா? என் கண்ணாடி ஸ்க்ரூ தளர்ந்தால் நகத்தின் நுனியாலேயே முடுக்கிவிடுகிறவள். அவளுடைய கை. முன்முடி. இரண்டு கையில் டீ. வெட்டறதில்லையாம்மா, டை மட்டும்தான்.

பட்டனில்தான் கோளாறு என்று நம்பப் பார்த்திருக்கிறாள், பைத்தியக்காரி. புது ரப்பர் போட்டும் பாலத்தில் விழுந்திருக்கிறாள். அப்புறம் என் ஜாய்ஸ்டிக்கிலும் விழுந்திருக்கிறாள், எனக்கு எதிரே, ஏழு தடவை. நான் பிச்சை என்றேன்.

நாள் முழுக்க மனிதர்களுக்குக் கண் தெளிவாகத் தெரியக் கண்ணாடி மாட்டிவிடுகிறவள் நான். வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 22, திங்கள்

லீவு சொல்லிவிட்டுப் போனேன். பார்லரில் ஒரு அம்மாவுக்குத் தலையில் டை போட்டுக்கொண்டிருந்தாள், இடது கையால். என்னைப் பார்த்து, "ஜூன் பதினேழுன்னுதான கணக்கு?" என்றாள். உட்கார்ந்தேன். அந்த அம்மா தலையைக் கழுவிக்கொண்டு போகும்வரை காத்திருந்தேன்.

ஜாய்ஸ்டிக்கை மேஜையில் குப்புறப் போட்டேன். கீறல்களைப் பார்த்தாள். வலது கையைத் தூக்கி எனக்கு எதிரே நீட்டினாள். சும்மா இருக்கும்போதே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவது மாதிரி ஆடிக்கொண்டிருந்தன.

ஜனவரியிலிருந்தாம். டாக்டரைப் பார்த்திருக்கிறாள். மாத்திரை போட்டால் ஓரளவு அடங்கும், பழைய மாதிரி ஆகாது என்றாராம். கத்திரியை எடுத்தால் கஸ்டமர் காதுக்குப் பயமாக இருக்கிறதாம். சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் சிரித்தாள்.

"அப்புறம் ஏண்டி விட்டுக்கொடுத்தேன்னு பொய் சொன்ன?"

"கை நடுங்குதுன்னா பாவம்னு சொல்லுவ. விட்டுக்கொடுத்தேன்னா திட்டுவ." டவலை மடித்துக்கொண்டே சொன்னாள். "திட்டே பரவால்லன்னு தோணுச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பார்க்கக் கூடாதென்று டிவிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பாவம் என்று மட்டும் சொல்லவில்லை. வாய்வரை வந்தது, சொல்லவில்லை. "மூணு ஞாயிறும் துணிதாண்டி துவச்சேன்" என்றேன். "அஞ்சு ஞாயிறு" என்று திருத்தினாள்.

அப்புறம் அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, முன்முடியை வெட்டச் சொன்னேன். யோசித்தாள். வெட்டினாள், மெதுவாக, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு. இருபது நிமிடம் ஆயிற்று. முடித்ததும் கண்ணாடியைக் காட்டினாள்.

"கோணல்" என்றேன்.

"எவ்வளவு?"

"போன தடவயவிட மோசம்."

"சரி" என்று கத்திரியை உறையில் போட்டாள். அவள் முகம் தெளிந்திருந்தது.

ஏப்ரல் 24, புதன்

கடையில் முதலாளி என் நெற்றியைப் பார்த்து யார் வெட்டியது என்று கேட்டார். சொன்னேன். கூடவே, லென்ஸ் மிஷின் திரும்ப வேண்டும் என்றும் சொன்னேன். கொடுத்துவிட்டார். இவ்வளவு நாளும் நான் வாயைத் திறந்து கேட்கவில்லை என்பதும் உண்மைதான்.

மே 5, ஞாயிறு

புது ஏற்பாடு. ஒரே ஜாய்ஸ்டிக், இரண்டு பேர். திசை அவளுடைய இடது கை, பட்டன் என் வலது கை. நாற்காலி இரண்டையும் ஒட்டிப் போட்டு, தோளோடு தோள் இடிக்க. எதிரே ஓட்ட ஆள் வேண்டுமே, அண்ணனை வரவழைத்தோம்.

ஏழிலும் தோற்றோம். பாலத்தில் அவள் "இப்ப" என்பாள், நான் அழுத்துவதற்குள் சிவப்புக் கார் ஆற்றில். "உனக்கென்ன கை நடுங்குதா?" என்று திட்டினாள். அண்ணனுக்கு முகம் மாறிவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் சிரித்து முடிக்க நேரமாயிற்று.

மே 12, ஞாயிறு

அண்ணன் 5, நாங்கள் 2. அவள் "இப்ப" என்பதற்கு ஒரு நொடி முன்னால் மூச்சை இழுக்கிறாள். அதைக் கேட்டு அழுத்தினால் தாவுகிறது.

பார்லரில் வெட்டுவதற்கு ஒரு அம்மாவைச் சேர்த்திருக்கிறாள். கஸ்டமர்களிடம் காரணத்தை அவளே சொல்லிவிட்டாளாம். "ஒருத்தி பாவம்னு சொன்னா. டையைக் கண்ணுல விட்டுட்டேன்" என்றாள். பொய்தான், ஆனால் அவள் செய்யக்கூடியவள்.

மே 19, ஞாயிறு

ஆறு ஆட்டம் முடிந்து மூன்றுக்கு மூன்று. கடைசி ஆட்டம், கடைசிச் சுற்று. அண்ணனின் பச்சைக் கார் ஒரு கார் நீளம் முன்னால். பாலம் வந்தது. பச்சைக் கார் மெதுவாகி, விளிம்பில் நின்றேவிட்டது. என் காதருகே அவள் மூச்சு. அழுத்தினேன். தாவினோம். ஜெயித்தோம்.

அண்ணன் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்து, "நல்லா ஓட்டுனீங்க ரெண்டு பேரும்" என்றான். அந்தப் "பாவம்" முகம் எங்களுக்குத் தெரியாதா?

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவன் பக்கம் திரும்பினோம்.

"இல்லம்மா, பாலத்தப் பார்த்ததும் தானா பிரேக் போட்டுட்டேன். தொழில் பழக்கம்" என்றான். அந்த ஆட்டத்தில் பிரேக்கே கிடையாது. குண்டூசி எழுந்து, கண்ணாடி மேஜையிலிருந்து கத்திரியை எடுத்தாள். நடுங்கும் கையில் அது டிக்டிக் என்றது. அண்ணன் தன் ஒயரைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டான்.

நோட்டில் அந்த ஆட்டத்தை அடித்துவிட்டோம். 3–3.

மே 20, திங்கள்

காலையில் அண்ணன் போன் செய்தான். எடுக்கவில்லை. மதியம் அவளுக்கும் செய்தானாம், அவளும் எடுக்கவில்லையாம்.

ஆகஸ்ட் 19 வரை.