கவிதாவின் பையில் எதுவும் இல்லை

ஜனவரி 6, செவ்வாய்

காலையில் பனி. மோட்டார் கொட்டகைகூடத் தெரியவில்லை. ஆலையிலிருந்து கரும்புக்கு வெட்டு உத்தரவு இன்னும் வரவில்லை. மனசு அதில் இல்லை.

பொங்கல் கழிந்ததும் நானும் கவிதாவும் கல்வராயன் மலைக்கு. அடிவாரத்திலிருந்து நடை. மேலே தெரிந்தவர் தோட்டத்தில் ஒரு ராத்திரி கூடாரம். சமையல் எங்களுடையது. போன வருஷம் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அவள் கேட்டது இது ஒன்றுதான். "நம்மளே சமைச்சு, மலையில ஒக்காந்து துன்னணும் மாமா."

கனம் தூக்கக் கூடாது என்றார்கள் அப்போது. இப்போது தூக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியாச்சு. எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. எல்லாம் என் பையில். அதனால் எல்லாம் லேசாக இருக்கணும்.

ஜன. 8

வில்லியனூர். பாத்திரக்கடையில் இருப்பதிலேயே சின்ன அலுமினியச் சட்டி, மூடியோடு. கடைக்காரர்: "கொயந்தைக்குப் பால் காச்சவா?"

"இல்லபா, ரெண்டு பேருக்கு சோறாக்க."

ஒரு மாதிரி பார்த்தார்.

வீட்டுக்கு வந்து சட்டியின் கைப்பிடியை ரம்பத்தால் அறுத்தேன். இடுக்கி இருந்தால் போதுமே. அறுத்த பிறகு தராசில் வைத்தால், கைப்பிடியைவிட இடுக்கி கனம். எரிச்சல்.

ஜன. 10, சனி

நல்ல வெயில். குளிர்பான டின்னை வெட்டி ஸ்பிரிட் அடுப்பு செய்தேன். இறகு மாதிரி இருந்தது. களத்தில் வைத்துச் சோதனை. தண்ணீர் கொதிக்கவே இல்லை. தீ அணைந்துவிட்டது என்று ஸ்பிரிட் பாட்டிலைச் சாய்த்தேன். அணையவில்லை. வெயிலில் அந்தத் தீ கண்ணுக்குத் தெரியாது. குப்பென்று கிளம்பியது. பாட்டிலை எறிந்தேன், அதுவும் வைக்கோல் பக்கம். கவிதா ஓடிவந்து ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கினாள். என் முழங்கை வரை முடி பொசுங்கிய நாற்றம்.

"கடையில விக்கிற அடுப்ப வாங்கினா இன்னா?"

"வெயிட்டு."

"யாருக்கு வெயிட்டு?"

எறிந்த பாட்டிலைத் தேடி எடுக்கப் போனேன்.

ஜன. 12

சின்ன கேஸ் அடுப்பு வாங்கியாச்சு. மடக்கினால் உள்ளங்கைக்குள். கேஸ் டப்பா சட்டிக்குள்ளேயே உட்காருகிறது. அரிசி, வறுத்த ரவை, அவல், புளிக்காய்ச்சல், காபித்தூள். கரண்டி வேண்டாம், ஸ்பூன் போதும்.

சாயங்காலம் கவிதா இரண்டு பையையும் தூக்கிப் பார்த்தாள்.

"என் பையில இன்னா இருக்குது?"

"ஸ்வெட்டர். துண்டு."

"வூட்லதான் கொடத்தத் தொட வுட மாட்ட. மலைக்கும் நோயாளியாதான் இட்டுனு போறியா?"

"பயமா இருக்குதுடி."

"எனக்கு மட்டும் இல்லியா? வெறும் பையத் தொங்கவுட்டுனு நான் வரல. நீ மட்டும் போ."

ஜன. 14, போகி

வீடு முழுக்க சுத்தம். அவள் என்னோடு பேசவில்லை. உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மத்தியானம் சாமான் எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டிப் பரப்பிவிட்டு கரும்புக் கொல்லைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கட்டில் காலி.

"சட்டி, அடுப்பு என் பையில. அரிசி, ரவை, கூடாரம் உன் பையில," என்றாள், துடைப்பத்தைக் கீழே வைக்காமலே.

சரி என்றேன். அவள் பையைத் தூக்கிப் பார்க்கக் கை போனது. பார்க்கவில்லை.

ஜன. 18, ஞாயிறு. மலைமேல்.

காற்று. குளிர். கடைசி ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. பாறையில் உட்கார்ந்துவிட்டேன். வழி காட்ட வந்த தோட்டத்துக்காரர் ரொம்ப முன்னால் போய்விட்டார். வழியெல்லாம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். என் மூச்சை நான் கவனிக்கவில்லை.

கவிதா திரும்பி இறங்கி வந்தாள். என் பையைத் திறந்து அரிசிப் பையை எடுக்கப் போனாள்.

"வேணாம் கவிதா."

"குடு மாமா."

கொடுத்தேன். தன் பைக்குள் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் ஏறினாள். வயிற்றில் கை வைக்கவில்லை. நிற்கவும் இல்லை.

இப்போது அரிசி கொதிக்கிறது. காற்றை மறைக்க ஆள் வேண்டுமாம், கூப்பிடுகிறாள்.