அறுபத்து நான்கு பைட்டில் கொள்ளாத படகு

இன்று காலைத் தபாலில் வந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நான் கேட்டதற்குப் படகுப் பதிவு அலுவலகம் தந்த பதில்: "படகு வருகைப் பதிவு மென்பொருளில் பெயரை நகலெடுக்கும் பகுதி இதுவரை திருத்தப்படவில்லை." கூடவே ஒரு நாளின் பதிவேட்டு நகல். அதில் அடுத்தடுத்து இரண்டு வரிகளில் "பரிசுத்த அமலோற்பவ மாதா" என்றே இருக்கிறது. இரண்டுக்கும் நேரே "கரை சேர்ந்தது."

அந்த இரண்டு வரிகளையும் நீ எனக்கு முன்பே வரைந்து காட்டியிருக்கிறாய். துறைமுகச் சாலை டீக்கடையில், என் குறிப்பேட்டின் பின்னட்டையில் அறுபத்து நான்கு கட்டம் போட்டாய். அந்த மென்பொருளை ஒப்பந்த நிறுவனத்துக்காக சி மொழியில் எழுதிக்கொண்டிருந்தவன் நீதான். பெயருக்கு ஒதுக்கிய இடம் அறுபத்து நான்கு பைட்; ஒரு கட்டம் ஒரு பைட். தமிழில் எழுத்துக்கு மூன்று பைட்; அதோடு சேரும் கால், கொம்பு, புள்ளி ஒவ்வொன்றுக்கும் இன்னொரு மூன்று. மாதாவின் பெயருக்கே அறுபத்திரண்டு போய்விடும். இடைவெளிக்கு ஒன்று, முடிவைக் காட்டும் பூஜ்ஜியத்துக்கு ஒன்று. தீர்ந்தது.

"புன்னைக்காயல்ல போய்ப் பாருலே. படகுக்கெல்லாம் மாதா பேரு முன்னால, மக பேரு பின்னால. வயர்லெஸ்ல நம்பரையா சொல்லுதான்? பேரைத்தான் சொல்லுதான். வாலை வெட்டிட்டா ரீத்தாவும் ரோஸ்லினும் ஒரே படகு."

பெயரை நகலெடுக்க நீ எழுதிய ஃபங்ஷன், அந்த நிரல்துண்டு, பதினோரு வரி. எங்கே வைக்க வேண்டும், அங்கே எவ்வளவு இடம், எதை வைக்க வேண்டும் என்று மூன்றையும் கேட்கும். இடம் போதாவிட்டால் எதையும் வைக்காது. "கொள்ளவில்லை" என்று திருப்பிச் சொல்லும். அதை அழைத்த மென்பொருள் உடனே பதிவை நிறுத்திப் பீப் ஒலி எழுப்பும். உன் நிறுவன மேலாளருக்கு அந்த ஒலிதான் பிடிக்கவில்லை. "அண்ணாச்சி, கொள்ளலைன்னா வெட்டிட்டுப் போவட்டும். சும்மா கத்திக்கிட்டே கெடந்தா ஆபீஸ்ல நம்மளத்தான் ஏசுதாவ" என்றார். நீ மறுத்தாய். வேறொருவரை வைத்து, கொள்ளாததை வெட்டும்படி மாற்றிக்கொண்டார்கள்.

"பாதியை வச்சுக்கிட்டு முழுசுன்னு சொல்லுதது பொய்லே. நீ பேப்பர்ல எழுது" என்றாய்.

நான் சிரித்தேன். "இதுல என்னலே செய்தி இருக்கு? எவனாவது செத்தானா?"

"செத்த பெறவுதான் எழுதுவியோ?" என்று கேட்டுவிட்டு டீயைக் குடித்தாய். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீ எடுக்கவில்லை. அந்த ஆண்டே மாரடைப்பில் போய்விட்டாய்.

நீ போய் எட்டு மாதம் கழித்து அது நடந்தது. ரோஸ்லின் படகு கரை சேர்ந்ததும், மென்பொருள் பெயர் ஒத்துப்போன இரண்டு வரிகளிலும் குறி போட்டது. ரீத்தா அப்போது இயந்திரம் நின்று கடலில் இழுபட்டுக்கொண்டிருந்தது. அதை ஓட்டியவரின் மனைவி ஜெசிந்தா அலுவலகத்துக்கு ஓடினாள்.

"வந்துட்டுன்னுதான் காட்டுதும்மா. வீட்டுல போய்ப் பாருங்க" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

"வீட்டுல இருந்துதான வாரேன்! உம்ம பெட்டிக்குள்ள இருந்தா எடுத்துக் குடும்!"

மறுநாள் மதியம்தான் தேடப் போனார்கள். மூன்று பேர் கிடைத்தார்கள். அவள் கணவர் கிடைக்கவில்லை.

செய்தி எழுதினேன். மூன்று முறை எழுதினேன். அலுவலகம் நிறுவனத்தைக் கை காட்டுகிறது; நிறுவனம் "எழுத்துமூலம் அனுமதி வரட்டும்" என்கிறது. உன் பதினோரு வரி அவர்களுடைய பழைய கோப்புறையில் அப்படியே இருக்கிறதாம். எடுத்துப் போட ஒரு நாள் ஆகாது என்று மேலாளரே என்னிடம் ஒப்புக்கொண்டார். போடத்தான் ஆளில்லை. நேற்றும் கடலுக்குப் போன படகுகள் அந்த அறுபத்து நான்கு கட்டங்களுக்குள்தான் திரும்பி வந்தன.

ஜெசிந்தா கேட்பது ஒன்றுதான்: ரீத்தாவுக்கான வரியில் "கரை சேர்ந்தது" என்பதைக் கோடு போட்டு அடிக்க வேண்டும். மென்பொருளில் பதிந்ததைத் திருத்த வழியில்லை என்கிறார்கள்.

இப்போதெல்லாம் யாராவது ஒரு தாளை நீட்டி "எல்லாம் இதில் இருக்கிறது" என்றால், எதை விட்டீர்கள் என்று கேட்கிறேன். எரிச்சல்படுகிறார்கள். படட்டும். அன்று நீ சொன்னபோதே அந்த அலுவலகத்தில் போய்க் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

பதிவைத் திருத்த மறுத்ததற்கு ஏற்கெனவே மேல்முறையீடு கொடுத்திருக்கிறேன். அடுத்த மாத முதல் வாரம் விசாரணை என்று வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள்; கடிதம் இன்னும் வரவில்லை. ஜெசிந்தாவும் வருகிறாள். அதுவரை பதிவேட்டின்படி அவள் கணவர் கரையில் இருக்கிறார்.