சிலேட்டுத் தூளும் என் பகிடியும்

அண்ணை,

எதிர்வீட்டுக் கூரைக்குச் சிலேட்டு ஓடு வெட்டுகிறார்கள். டோர்ட்மண்ட் நகரம் முழுவதையும் மூடும் அளவுக்குத் தூள் பறக்கிறது. சரி, எங்கள் தெருவை மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். யன்னலைச் சாத்தினேன். சாத்திய பிறகும் உங்களுடைய கெல்லருக்குள், வீட்டுக்கு அடியில் இருந்த அந்த நிலவறைக்குள், நிற்பது போலவே மணத்தது.

நீங்கள் துப்புரவு வேலை செய்த அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் முழங்கை நீளத்தில் ஒரு கறுப்புக் கல் தூண் இருந்தது. கனடாவின் மேற்குக் கரைத் தீவுகளில் வாழும் ஹைடா மக்கள் செதுக்கியது. காகம், கரடி, திமிங்கிலம் என்று ஒன்றின் தலையில் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். அவர்கள் மரத்தில் வானளாவ நிறுத்தும் குலத்தூண்களின் குட்டி வடிவம். அந்தக் கண்ணாடியைத் துடைக்க மற்றவர்களுக்கு ஒரு நிமிடம், உங்களுக்கு அரை யுகம். ஒருநாள் என்னையும் கூட்டிப்போய்க் காட்டினீர்கள்.

"நானும் ஒண்டு செய்யப் போறன்ரா."

"காகமோ?"

"சீச்சீ, அது அவையின்ர வீட்டுக் கதை. அந்தக் கல்லும் அவையின்ர மலையிலதான் இருக்கு. நான் பழைய கூரை ஓட்டில என்ர வீட்டு ஆக்களை அடுக்கிறன். அடியில நீ. உன்ர வாய் எவ்வளவு பாரமும் தாங்கும்."

உலகத்தின் எட்டாவது அதிசயம் வருகிறது என்று பிராங்பேர்ட் வரை பறைசாற்றினேன். பன்னிரண்டு வருடம், சனிக்கிழமை தவறாமல், யன்னல் இல்லாத கெல்லருக்குள் மெஷினால் அராவினீர்கள். ஹைடாக்காரரின் கல் மென்மையானதாம். உங்கள் சிலேட்டோ மூக்கு வைத்தால் மூக்கோடு தட்டுத்தட்டாகக் கழன்று வந்தது. மறுபடி தொடங்குவீர்கள். தூள் உங்கள் புருவத்திலும் தேத்தண்ணிக் கோப்பையிலும் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே இருந்தது.

முதல் வருடமே அக்கா, உங்கள் மனைவி, உங்களுக்கு ஒரு தூசுக் கவசம் வாங்கித் தந்தா. அதை மூக்கில் மாட்டிக்கொண்டு நீங்கள் படியேறி வந்தபோது வீடு நிறைய ஆட்கள். நான் சும்மா இருப்பேனா?

"ஆரப்பா மாட்டுக்கு வாய்க்கூடு போட்டது? நல்ல வேலை அக்கா, அயல்தோட்டம் தப்பிச்சுது!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். பிறகு அதைக் கழற்றிப் பொக்கற்றுக்குள் வைத்தீர்கள். அதற்குப் பிறகு உங்கள் முகத்தில் அதை நான் கண்டதே இல்லை.

இருமல் சின்னதாகத்தான் வந்தது. பிறகு பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கினீர்கள். "கெல்லருக்குப் படி கூடிப்போச்சடா" என்றீர்கள். நுரையீரலில் கல் தூள் படிந்துவிட்டது, இனி எடுக்க முடியாது என்று டொக்டர் சொன்ன நாளில், தூணில் என் வாய் மட்டும்தான் முடிந்திருந்தது.

செத்தவீட்டில் அக்கா என்னைத்தான் கேட்டா:

"தம்பி, நான் ஆசையா வாங்கிக் குடுத்ததை இந்த மனிசன் ஏன் போடேல்ல? உமக்கு ஏதும் சொன்னவரோ?"

ஒன்றை ஒன்பதாக்கும் வாய் இது. அன்று உள்ளதையே விழுங்கிவிட்டது.

"அண்ணைக்குப் பிடிவாதம், அக்கா."

அன்றிலிருந்து அவ அதையேதான் சொல்லுகிறா. பிள்ளைகளுக்கு, வருகிறவர்களுக்கு, சுவரில் இருக்கும் உங்கள் படத்துக்கு. கோபத்தோடு சொல்லுகிறா. வருகிற ஞாயிறு உங்கள் திவசம். "பிடிவாதம் பிடிச்ச மனிசன்" என்று தொடங்கி, சாட்சிக்கு என்னைத் திரும்பிப் பார்ப்பா. போன மூன்று திவசத்திலும் ஓம் என்று தலையாட்டினேன்.

உங்களைப் பற்றி நான் கட்டிய ஆயிரம் கதைகளில், அண்ணை, இது ஒன்றைத்தான் எல்லோரும் நம்புகிறார்கள்.